பெல்வெடியர் டாக்கீஸில் எட்டுச் சமோசா

1

அமெரிக்கா போனவர்கள், சிங்கப்பூர் போனவர்கள் எழுதுகிற மாதிரி எனக்கு எழுத வராது. நான் தாண்டி வந்தது கடல் இல்லை, ஜோலார்பேட்டை. குடியாத்தத்தில் ரயில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, வேர்க்கடலையை உரித்துத் தின்று, ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் பெங்களூர் கண்டோன்மெண்ட் வந்துவிடும். பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை. ஆனால் கல்யாணமாகி வந்து இறங்கிய மறுநாள் காலை, பால்காரர் கன்னடத்தில் ஏதோ கேட்டார். நான் மரியாதைக்குத் தலையை ஆட்டினேன். மூன்று லிட்டர் ஊற்றிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு முழுக்க நானும் என் வீட்டுக்காரரும் பாயசம் குடித்தோம். வெளிநாட்டுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

போன வாரம் என் தங்கை கலா போன் செய்தாள். அவள் தொம்மலூரில் இருக்கிறாள், நான் மல்லேஸ்வரத்தில். தினமும் ஒரு தடவையாவது பேசி, அதில் பாதி நேரம் சண்டை போட்டுக்கொள்வோம். அன்று எடுத்த எடுப்பிலேயே, "அக்கா, பெல்விய மூடறாங்களாம். வர்ற ஞாயித்துக்கெழமையோட சரி. இடிச்சுட்டுக் கடைகடையா கட்டப் போறாங்களாம்" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

பெல்வி என்பது பெல்வெடியர் டாக்கீஸ். கண்டோன்மெண்ட் பக்கம் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காகக் கட்டிய பழைய சினிமா தியேட்டர். எனக்கு ஒன்றும் அது பாட்டன் சொத்து இல்லை. இரண்டே இரண்டு முறைதான் உள்ளே போயிருக்கிறேன். ஆனால் என் தங்கை இந்த ஊரில் இருப்பதற்கு அந்தத் தியேட்டர்தான் காரணம். அதை இடிப்பதற்குள் எழுதிவிடவேண்டும் என்று நோட்டை எடுத்துவிட்டேன்.

2

தொண்ணூற்று மூன்றில் நான் இங்கே வந்தபோது எனக்கு ஒருத்தரையும் தெரியாது. வீட்டுக்காரர் ரகுவுக்குப் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அவர் போனபிறகு நானும் நாலு சுவரும்தான். பக்கத்து வீட்டம்மா நல்லவர். தினமும் சிரிப்பார், நானும் சிரிப்பேன். எத்தனை நாளைக்குச் சிரித்துக்கொண்டே இருப்பது? வாய் வலித்தது.

கேஸ் இணைப்புக்குப் போனால் ரேஷன் கார்டு கொண்டுவா என்றார்கள். ரேஷன் கார்டுக்குப் போனால் இந்த முகவரியில் குடியிருப்பதற்கு அத்தாட்சி வேண்டும், கேஸ் ரசீது இருக்கிறதா என்றார்கள். இந்த இரண்டு ஆபீசுக்கும் நடுவே நான் ஆறு மாதம் நடந்தேன். நடந்ததுகூடப் பரவாயில்லை. வரிசையில் நிற்கும்போது, "பாத்தியாடி இவனுங்க பண்றத" என்று திட்டிக்கொள்ளப் பக்கத்தில் ஒரு ஆள் இல்லையே என்பதுதான் தாங்கவில்லை. ஸ்டவ் பற்றவைத்துவிட்டு ஒருநாள் உட்கார்ந்து அழுதேன். எனக்கு வேண்டியிருந்தது கேஸ் இல்லை, கலா.

அந்தத் தனிமையைச் சமாளிக்கத்தான் நான் ஊர் சுற்றிக்காட்ட ஆரம்பித்தேன். குடியாத்தத்திலிருந்து யார் வந்தாலும் சரி, சித்தப்பா, பெரியம்மா மகள், எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் குடும்பம், யாராக இருந்தாலும் என்னிடம் ஒரு ரவுண்டு உண்டு. காலையில் லால்பாக், அங்கே கண்ணாடி மாளிகை, பிறகு பாறைமேல் ஏறி நின்று "அதோ பார் ஊரு". அதற்குப்பின் விதான சௌதா, அதாவது சட்டசபை. எதிர்ப்பக்கம் நின்று, கோபுரத்தை உள்ளங்கையில் தூக்குகிற மாதிரி ஒரு போட்டோ. அப்புறம் கப்பன் பார்க், எம்.ஜி. ரோட்டில் காகிதப்பூ கொடி கவிந்த நடைபாதை. கடைசியாக பெல்வெடியர் டாக்கீஸின் வாசலில் நிறுத்தி, "இது வெள்ளைக்காரன் கட்டினது, உள்ள மெத்து மெத்துன்னு சிவப்பு நாற்காலி" என்று சொல்வேன். உள்ளே நான் போனதே இல்லை. பேச்சில் மட்டும் பால்கனிவரை போயிருக்கிறேன். யாரும் குறுக்குக் கேள்வி கேட்டதில்லை.

3

நான் வந்து மூன்று வருடம் ஆனபோது கலாவுக்கு இருபத்து நாலு வயது. பி.காம். முடித்து, ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வருடம் தை மாதத்தில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்து, கேசரி தின்று, காபி குடித்து, "போயி லெட்டர் போடறோம்" என்று போனார்கள். லெட்டர் வரவில்லை. தெருவில் ஒவ்வொருத்தியாக வந்து "இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு" என்று துளைத்தார்கள். கலா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "இனிமே எவன் முன்னாடியும் நான் காபித் தட்டு தூக்கிக்கினு வர மாட்டேன். மீறிக் கூப்ட்டா கிணத்துல தட்டப் போட்டுடுவேன்."

எனக்கோ வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ரகுவோடு வேலை செய்கிற தேவராஜ், எல்லோருக்கும் தேவா, கோலார் தங்கவயலில் பிறந்தவர். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்துப் போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மா அங்கேயே இருக்கிறார். தேவா தொம்மலூரில் தனியாக அறை எடுத்திருந்தார். எப்போதாவது எங்கள் வீட்டுக்கு வந்தால் "அண்ணி, அண்ணி" என்று சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போவார். அதிகம் பேசமாட்டார். இவரைக் கலாவுக்குக் கட்டிவிட்டால் என் தங்கை பெங்களூருக்கு வந்துவிடுவாள். இதில் என் சுயநலம் இருந்ததா? முழுக்க இருந்தது. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?

அதனால் ஒரு திட்டம் போட்டேன். அப்பா, அம்மா, கலா மூவரும் பெங்களூரைச் சுற்றிப் பார்க்க வருவார்கள். ரவுண்டின் கடைசியில் பெல்வெடியரில் மேட்னி. தேவாவும் அவர் அம்மாவும் பக்கத்து சீட்டில் தற்செயலாக உட்கார்ந்திருப்பார்கள். பிடித்தால் மேலே பேசலாம், பிடிக்காவிட்டால் யாருக்கும் தெரியாது, எந்தத் தெருவும் கேட்காது. ரகுவிடம் சொல்லி எல்லா டிக்கெட்டையும் ஒரே வரிசையில் முன்கூட்டியே வாங்கினேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொல்லியாயிற்று. கலாவுக்கு மட்டும் சொல்லவில்லை.

ரகு மட்டும், "சுகுணா, உன் தங்கச்சி ஏமாந்த ஆளில்ல" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

4

அந்த ஞாயிற்றுக்கிழமையை மறக்கமுடியாது. என் மகள் நித்யாவுக்கு அப்போது இரண்டு வயது. அவளை ரகு தோளில் போட்டுக்கொள்ள, நான் முன்னால் நடந்தேன். லால்பாகில் அப்பாவுக்குப் பாறைதான் பிடித்தது. "நம்மூர்ல இல்லாத பாறையா?" என்று கேட்டுக்கொண்டே முதல் ஆளாக ஏறி, இடுப்பில் கைவைத்து நின்றார். அம்மா கண்ணாடி மாளிகையைப் பார்த்து, "இத எவன் தொடைக்கிறது?" என்று கவலைப்பட்டாள். கலா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு புல்வெளி முழுக்கச் சுற்றினாள். மிளகாய்ப்பொடி தூவிய வெள்ளரிக்காயை ரோட்டிலேயே நடந்துகொண்டே தின்றாள். அம்மா பதறிப்போய் அவள் முகத்தை முந்தானையால் துடைத்தாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துடைத்தாள். "இன்னாம்மா, மொகத்துல பெயின்டா இருக்கு?" என்று கலா சிடுசிடுத்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

விதான சௌதா முன்னால் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உள்ள வுட மாட்டானா? இன்னா பெரிய இது? கேக்கறதுக்கு ஆள் இல்லயா?" அவரைச் சமாதானப்படுத்தி, கோபுரத்தை உள்ளங்கையில் தூக்கவைத்து போட்டோ எடுப்பதற்குள் நேரம் ஓடிவிட்டது. பிறகு ஆட்டோக்காரரோடு ஒரு தகராறு. பெல்வெடியருக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் தொடங்கி அரைமணி ஆகியிருந்தது. வாசலில் தேவாவும் அவர் அம்மாவும் அப்போதுதான் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்கள். தங்கவயலிலிருந்து வந்த ரயில் தாமதமாம். நான் அவர்களைத் தெரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். தேவாவும் தெரியாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள முயன்று, வாய் தவறி "வணக்கம் அண்ணி" என்றார்.

"யாரு?" என்றாள் கலா.

"மாமாவோட வேல செய்றவரு. பாரேன், இவரும் இதே படத்துக்கு வந்துகீறாரு!" என்றேன். என் நடிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

5

உள்ளே போனதும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. நான் இத்தனை நாள் வாசலில் நின்று அளந்ததெல்லாம் உண்மையாகவே இருந்தது. வளைந்து ஏறும் மரப்படிக்கட்டு, பித்தளைக் கைப்பிடி, சிவப்பு மெத்தை நாற்காலி. டார்ச் அடித்து எங்களைக் கூட்டிப்போன பெரியவர் கோட்டு போட்டிருந்தார். ஊரில் எங்கள் தியேட்டரில் டார்ச் அடிப்பவர் சட்டையே போடமாட்டார்.

என் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். குடியாத்தத்தில் எந்தப் படம் வந்தாலும் முதல் வாரத்திலேயே பார்த்துவிடுவார். எந்தக் காட்சியில் இடைவேளை விடுவான் என்பதை முன்கூட்டியே சொல்லி, நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பார். அவர் நின்ற மறுவிநாடி விளக்கு எரியும். தெருவே அவரைத்தான் சினிமா நிபுணர் என்று கொண்டாடும். அந்த ஆசாமி இங்கே இங்கிலீஷ் படத்துக்கு வந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தை புரியாமல், எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார். நானும் ஆட்டினேன். அம்மாவும் ஆட்டினாள். ரகு நித்யாவை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்.

திரையில் ஒரு வெள்ளைக்காரி மழையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து தேவாவின் அம்மா கலாவின் பக்கம் சாய்ந்தார்.

"இன்னாம்மா கண்ணு, ரசம் கிசம் வெப்பியா?"

கலா மெதுவாகத் திரும்பினாள். அந்தம்மாவைப் பார்த்தாள், அவருக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டிருந்த தேவாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இருட்டிலும் அந்த முறைப்பு தெரிந்தது.

"சுடுதண்ணி வெப்பேன்" என்றாள்.

அந்தம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கலா என் காதருகே குனிந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "படம் முடியட்டும். நேரா ஸ்டேஷன். இனிமே உன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன். என்ன மாட்டுச் சந்தைக்குக் கூட்டிக்கினு வந்துகீற, ஊர் சுத்திக் காட்டறேன்னு பொய் சொல்லி. நீ எனக்கு அக்காவா?"

அவள் சொன்னது அத்தனையும் சரி. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, ஒரேயடியாக இழக்கப் போகிறேன் என்று தெரிந்தது. இந்தப் படம் முடியவே கூடாது என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டேன்.

குலதெய்வம் பாதி கேட்டது. விளக்கு எரிந்தது. திரையில் பெயர்கள் கீழேயிருந்து மேலே ஓடின. முன்வரிசைகளில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. ஒன்றரை மணி நேரம்தானே ஆகிறது? எந்த ஊரில் ஒன்றரை மணி நேரத்தில் படத்தை முடிப்பான்?

அப்பா சோம்பல் முறித்து, தேவாவின் அம்மாவுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "பாத்தீங்களா? இப்பதான் பேரே போடறான். இங்கிலீஷ்காரன் ஸ்டைலு இது. இடைவேளைக்குப் பொறவுதான் மெயின் கதை."

"அதான பாத்தேன், அந்தப் பொண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆவலயே" என்றார் அந்தம்மா.

கலா கைப்பையை எடுத்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் கால்மேல் கால் போட்டு, ஒரு கையை அடுத்த நாற்காலியின் முதுகில் நீட்டி, குடியாத்தத்தில் உட்காருகிற மாதிரியே ராஜா போல உட்கார்ந்திருந்தார். கலா மறுபடி உட்கார்ந்தாள். ஸ்டேஷனுக்குத் தனியாகப் போக வழி தெரியாதே என்று உட்கார்ந்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்போது தேவா எழுந்தார். "சார், டீ சாப்புடுறீங்களா? இருங்க, நான் பாத்துட்டு வர்றேன்" என்று வெளியே போனார். ஐந்து நிமிடம் கழித்து இரண்டு கையிலும் காகிதப் பொட்டலத்தோடு வந்தார். எட்டுச் சமோசா. தூங்கி எழுந்த நித்யாவையும் சேர்த்து ஆளுக்கொன்று. பெரிய பால்கனியில் எங்கள் எட்டு பேரைத் தவிர ஒரு ஈ காக்கா இல்லை. மொறுமொறு சத்தம்தான் கேட்டது.

கோட்டு போட்ட பெரியவர் துடைப்பத்தோடு வந்தார். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "ஏனம்மா, சினிமா முகிது ஹத்து நிமிஷ ஆய்து. மனெகெ ஹோகல்வா?" என்றார். படம் முடிந்து பத்து நிமிடம் ஆகிறது, வீட்டுக்குப் போகவில்லையா என்கிறார். அந்தத் தியேட்டரில் பழைய வழக்கமாம், அரைகுறைத் தமிழில் அவரே விளக்கினார். விளம்பரம், குட்டிப்படம் எல்லாம் போட்டு முதலிலேயே இடைவேளை விட்டுவிடுவார்களாம். பிறகு முழுப்படமும் ஒரே மூச்சில் ஓடி முடிந்துவிடும். நாங்கள்தான் அந்த இடைவேளை முடிந்தபிறகு வந்து சேர்ந்திருக்கிறோம்.

அப்பாவின் கையில் பாதிச் சமோசா. முகம் சுண்டிப்போய்விட்டது. இத்தனை வருடத்தில் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. நிபுணருக்கு இடைவேளை எதுவென்று தெரியவில்லை, அதுவும் சம்பந்தி ஆகப்போகிறவர் முன்னால்.

தேவா சட்டென்று முன்னால் வந்தார். பெரியவரிடம் கன்னடத்தில் ஏதோ சொல்லிக் கும்பிட்டார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, "சார், தப்பு என்னோடது. வெளிய ஒரே கூட்டமா கீது, படம் முடிஞ்சதும் இங்கயே உக்காந்து சாப்ட்டுட்டுப் போலாம்னு நான்தான் உங்கள உக்கார வெச்சுட்டேன். சொல்லிட்டாவது போயிருக்கணும்" என்றார்.

அப்பா ஒரு கணம் அவரைப் பார்த்தார். "பரவால்ல தம்பி, பரவால்ல. எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி, மிச்சச் சமோசாவை வாயில் போட்டுக்கொண்டார்.

6

வெளியே வந்ததும் கலா ஸ்டேஷன் பக்கம் திரும்பவில்லை. எனக்குப் பக்கத்திலேயே நடந்தாள். காகிதப்பூ நடைபாதையில் பாதி தூரம் வந்தோம். பிறகு, "அவரு பேரு இன்னா?" என்றாள்.

"தேவா. தேவராஜ்."

"படம் முடிஞ்சுபோச்சுன்னு எனக்கு அப்பவே தெரியும். சொன்னா அப்பா மூஞ்சி தொங்கிடும்னு உக்காந்தேன். அவருக்கும் தெரிஞ்சிருக்கு பாரு. தெரிஞ்சும் ஒரு வார்த்த சொல்லாம போயி சமோசா வாங்கிக்கினு வந்தாரு. அப்புறம் பழியையும் தானே ஏத்துக்கினாரு." கொஞ்சம் நின்றாள். "உன்மேல கோவம் போவல. அது தனி. நான் அவர்கிட்ட ரெண்டு வார்த்த பேசணும். நீங்கல்லாம் அந்தப் பக்கம் போங்க."

அந்தப் பக்கம் கப்பன் பார்க். அங்கே குழந்தைகளுக்கான குட்டி ரயில் ஓடும். அவர்கள் இருவரும் ஒரு பெஞ்சில் உட்கார, நாங்கள் ஆறு பேரும், அதில் நித்யாவைத் தவிர எல்லோரும் பெரியவர்கள், முழங்காலை மடக்கி அந்த ரயிலில் ஏறினோம். முதல் சுற்றில் இருவரும் பெஞ்சின் இரண்டு ஓரங்களில் இருந்தார்கள். இரண்டாவது சுற்றில் கலா கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். மூன்றாவது சுற்றில் தேவா சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா எனக்குப் பின்னால் உட்கார்ந்து என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் அழுதேன். குட்டி ரயிலில் உட்கார்ந்து அழுத ஒரே பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

ஆவணியில் கல்யாணம். அதற்கப்புறம் எனக்கு இந்த ஊர் வெளியூர் இல்லை.

7

போன ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டத்துக்கு எல்லோரும் போனோம். அப்பாவும் அம்மாவும் வரமுடியவில்லை. நித்யாவுக்கு இப்போது பன்னிரண்டு. கலாவின் மகன் அருணுக்கு எட்டு. இரண்டும் தங்களுக்குள் கன்னடமும் இங்கிலீஷும் கலந்து பேசிக்கொள்ளும், எங்களிடம் மட்டும் பெரிய மனது வைத்துத் தமிழ். "இங்க ஏசி இல்லயா? பாப்கார்ன் இல்லயா?" என்று இரண்டும் கேட்டன. சிவப்பு மெத்தை கிழிந்து நார் தெரிந்தது. பித்தளைக் கைப்பிடி மட்டும் பளபளவென்றிருந்தது, யாரோ கடைசி நாளுக்காகத் துடைத்திருக்கிறார்கள்.

கலா வழக்கம்போல் ஆரம்பித்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையை அவள் சொல்லாமல் விடமாட்டாள். "உங்கப்பாவுக்குப் படம் முடிஞ்சது தெரியும்டா. தெரிஞ்சும் தாத்தாவக் காட்டிக்குடுக்காம, கமுக்கமா சமோசா வாங்கப் போனாரு" என்று அருணிடம் நூறாவது தடவையாகச் சொன்னாள். பையன் கொட்டாவி விட்டான். தேவா நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து, திரையைப் பார்த்துக்கொண்டார்.

படம் முடிந்தது. இந்த முறை இடைவேளை நடுவில் சரியாகவே வந்திருந்தது, வழக்கத்தை எப்போதோ மாற்றிவிட்டார்கள். விளக்கு எரிந்தது, பெயர்கள் ஓடின. பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். கலா அசையவில்லை, நானும் அசையவில்லை.

"பெரியம்மா, மூவி ஓவர்" என்றான் அருண்.

"இருடா. இப்பதான் பேரே போடறான்" என்றாள் கலா.

தேவா எழுந்து வெளியே போனார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பொட்டலம் தூக்க ஆள் வேண்டுமே என்று நானும் பின்னாலேயே போனேன். கேன்டீன் முன்னால் கூட்டம். வரிசையில் நிற்கும்போது அவர் என்னைப் பார்க்காமல், கண்ணாடிப் பெட்டியிலிருந்த சமோசாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பத்து வருஷமா தொண்டையில நிக்குது."

"சொல்லுங்க."

"அன்னிக்கி எனக்கும் தெரியாது அண்ணி. நெஜமாலுமே இடைவேளன்னுதான் நெனச்சேன். அதுக்கு முன்ன நான் இந்த தியேட்டருக்கே வந்ததில்ல. வெளிய அடுத்த ஆட்டத்துக்கு நின்ன கூட்டத்தப் பாத்துட்டு, எல்லாம் இடைவேளைக்கு வந்தவங்கன்னு நெனச்சேன். அந்தப் பெரியவரு தொடப்பத்தோட வந்தப்புறம்தான் வெளங்குச்சி. மாமா மொகத்தப் பாத்தேன், வாயில வந்தத சொல்லிட்டேன்."

நான் வாயைப் பிளந்தேன். "கலாகிட்ட சொல்லலயா?"

"எப்படிச் சொல்றது? பெஞ்சுல உக்காந்ததுமே, ‘உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும், அதான் உங்கள எனக்குப் புடிச்சிருக்கு’ன்னா. இல்லம்மா, எனக்கும் தெரியாதுன்னு சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள ரயில் வந்துடுச்சி. நீங்கல்லாம் கைய ஆட்டினீங்க. நானும் சிரிச்சிட்டேன்." அவர் கண் கலங்கியிருந்தது. "தியேட்டரையே இடிக்கப் போறாங்க. இன்னிக்காவது சொல்லிடலாமா?"

"வாய மூடிக்கினு சமோசாவ வாங்குங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? பிள்ளைகளும் ஆண்களும் முன்னால் இறங்க, நானும் கலாவும் மரப்படிக்கட்டில் பின்தங்கினோம். அவள் ஒவ்வொரு படியாக, பித்தளைக் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இறங்கினாள். மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன். சொன்ன மறுநிமிடமே என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கலா நிற்கக்கூட இல்லை. "தெரியும்க்கா" என்றாள்.

"இன்னாடி தெரியும்?"

"கல்யாணமான மொத மாசமே தெரியும். தமிழ்ப் படத்துக்குக் கூட்டிக்கினு போனாரு. இடைவேளையில முடிஞ்சுபோச்சுன்னு செருப்ப மாட்டிக்கினு கிளம்பிட்டாரு. அந்த ஆளுக்கு எந்தப் படம் எப்ப முடியும்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

"அப்புறம் எதுக்குடி ஊரெல்லாம் அதையே சொல்லிக்கினு கீற? தெரிஞ்சும் போனாரு, தெரிஞ்சும் போனாருன்னு?"

கீழே வாசலில் தேவா நின்றிருந்தார். அருணின் வாயோரத்தில் ஒட்டியிருந்த சமோசாத் துணுக்கைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். கலா அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் அந்தக் கதைய சொல்றப்ப அவரு நிமிந்து உக்காருவாரு பாரு, அத நீ பாத்துகீறியா? அதுக்குத்தான்."

இதையெல்லாம் இப்படிப் போட்டு உடைத்து எழுதுகிறாளே, தேவா படித்துவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தோன்றலாம். படிக்கமாட்டார். கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், வாய் நிறையத் தமிழ் பேசுவார், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. என் மகளுக்கும் தெரியாது, அருணுக்கும் தெரியாது. அந்த வருத்தம் எனக்கு நிறைய உண்டு. இந்த ஒரு முறை மட்டும் அது எனக்கு உதவுகிறது.

ஆகையால் இது நமக்குள் இருக்கட்டும். நம்மூர்க்காரர்களே, பொங்கலுக்கு அவர்கள் குடியாத்தம் வருகிறார்கள். கலா எப்படியும் அந்தக் கதையை எடுப்பாள். முதல் தடவை கேட்கிற மாதிரி கேளுங்கள்.